தும்பியே என்றோர் இனம்

நவம்பர் 3

தும்பி,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உன் முகம் எந்த லட்சணத்தில் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பிரித்துவிட்டாய், அதுவரை சந்தோஷம். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது, நாலாவதில் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. முழுக்கப் படித்துவிட்டுத்தான் திட்ட வேண்டும்.

ஓர் உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். என் புத்தகம் முடியப் போகிறது. இத்தனை வருஷமாக நான் கட்டிக்கொண்டு மாரடிக்கும், லத்தீனில் அரம் என்று பெயர்கொண்ட காட்டுச் செடிகள், மேற்கே கடற்கரையிலிருந்து கிழக்கே நீ இருக்கும் மலைகள் வரை எங்கெங்கே எப்படி எப்படி வளர்கின்றன, அவற்றில் எது தனி இனம், எது வெறும் சாயல் மாற்றம் என்று பிரித்து எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் சேம்பு மாதிரி இலை, சுருட்டிய ஒற்றை மடல், மடலுக்கு நடுவே விரல் தடிமனில் ஒரு கதிர். நம் இருவரைப் போலத்தான். தூரத்தில் பார்த்தால் அச்சு அசல் ஒன்று, கிட்டப் போனால் எதிலும் ஒத்துப்போகாது.

எங்கள் செடிக் காப்பகத்தில் பல ஊர்ச் செடிகள் தாளில் ஒட்டிக் காய்ந்து கிடக்கின்றன. காய்ந்தபின் எல்லா மடலும் டீக்கறை நிறம்தான். உயிரோடு இருக்கும்போது என்ன நிறம், எந்த மாதம் பூக்கிறது என்பதை நேரில் பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும். உன் பக்கத்து மலைகளில் எனக்கு ஆளே இல்லை. நீ நாள் முழுக்க உட்கார்ந்து ஊராருக்குப் பல் செய்கிறவள். இந்த வெள்ளைக்கும் அந்த வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று உனக்குத் தெரிகிற அளவு என் மாணவர்கள் ஒருவருக்கும் தெரியாது. ஊருக்கு வெளியே ஈரமும் நிழலுமாக இருக்கிற இடங்களில் கொஞ்சம் போய்ப் பார்ப்பாயா?

இன்னொன்று. உன் பெயர் வைத்த இனத்தை நம் வீட்டுக் கொல்லைப்புறம் தவிர வேறெங்கும் இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. எங்கள் துறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லா இனங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடத் துடிப்பதால் அவருக்கு மூட்டைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் என்னைப் பிடித்து, "என்னம்மா, உங்க தங்கச்சி வேற எங்கயாவது தென்பட்டாளா?" என்று கேட்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அதற்கு இன்னோர் இடத்தில் ஒரு துணையாவது கிடைக்காவிட்டால் இந்தப் புத்தகத்தில் நானே அதை மூட்டையில் சேர்க்க வேண்டியிருக்கும்.

அக்கா


நவம்பர் 29

அக்கா,

முழுக்கப் படித்துவிட்டேன். இப்போது திட்டலாமா?

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் நீ எழுதும் முதல் கடிதம் இது. மடல் இருக்கிறது, கதிர் இருக்கிறது, மூட்டைக்காரர்கூட இருக்கிறார். அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி இடம் கிடைக்கவில்லை.

கடைசி மாதம் முழுக்க அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். நான் ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்தேன். "இப்பதான் தூங்கினாங்க." "குளிக்கிறாங்க, அப்புறமா பேசச் சொல்றேன்." "பக்கத்து வீடு வரைக்கும் போயிருக்காங்க." ஒரு வாரம்கூட உன் குரல் தடுமாறவில்லை. நான் வந்து இறங்கியபோது அம்மாவின் கட்டிலை மடித்துச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தாய். எனக்கு அம்மாவின் கடைசி முகம் என்று ஒன்று கிடையாது, மடித்து வைத்த அந்தக் கட்டில்தான்.

மலைப்பக்கம் போகிறேன். உனக்காக இல்லை. பள்ளிக்கூடம் முழுக்க "ஒரு செடிக்கு என் பேர் வச்சிருக்காங்க" என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான், அந்தப் பெயரை ஒரு பெரியவர் மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுது. அப்படியே ஒரு சந்தேகம்: என் பெயர் வைத்த செடியும் மற்ற அரமும் ஒன்றுதான் என்று முடிவானால் எந்தப் பெயர் நிற்கும்?

கையெழுத்துப் போடவில்லை. யார் என்று உனக்குத் தெரியும்.


டிசம்பர் 15

தும்பி,

திட்டியதில் பாதி நியாயம். மீதிப் பாதியை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். "அவகிட்ட சொல்லாத. சொன்னா போட்டது போட்டபடி ஓடி வருவா. இந்தக் குளிர்ல பிரயாணம் பண்ணா அவளுக்கு மூச்சு இழுக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு உன் மூச்சுதான் கவலை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? உன் மேல் பாசம் இல்லாமலா சொல்லாமல் இருந்தேன்? இதற்கு மேல் எழுதினால் கடிதத்திலும் சண்டை வந்துவிடும்.

வேலைக்கு வருகிறேன். எந்த மாதம் பூத்தது, மடலின் விளிம்பில் ஊதா நிறம் இருக்கிறதா இல்லையா, இலைக்காம்பு எவ்வளவு நீளம். இந்த மூன்றும் போதும். நம் கொல்லைப்புறச் செடியை நான் தனி இனம் என்று சொன்னதே இந்த மூன்றையும் வைத்துத்தான். மற்றதெல்லாம் பனி விலகி வெயில் வந்த பிறகு, ஊதா விளிம்போடு பூக்கும். அது மட்டும் கடுங்குளிரில், விளிம்பில் ஒரு துளி ஊதா இல்லாமல், வெளிறிப்போன மடலும் நெட்டைக் காம்புமாகப் பூத்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். வீட்டுக்குள் ஏதோ எலி செத்துக் கிடக்கிறது என்று அம்மா அலமாரியையெல்லாம் இழுத்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். குளியலறைச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்த நீ, "அக்கா, இங்க வாயேன், சூடா இருக்கு!" என்று கத்தினாய். ஓடி வந்து பார்த்தால், ஊரில் ஒரு அரமும் பூக்காத பருவத்தில் இது நாற்றமடித்துக்கொண்டு பூத்து நிற்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈக்களை வரவழைக்க இந்தக் கதிர் தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டு நாற்றத்தைப் பரப்பும் என்று உனக்கு அங்கேயே ஒரு வகுப்பு எடுத்தேன். நீ எதையோ சொல்ல வாயெடுத்தாய். நான் விடவில்லை.

உன் மூச்சில் தும்பி பறக்கிற சத்தம் கேட்கிறது என்று அப்பா வைத்த செல்லப்பெயருக்கு லத்தீன் இலக்கணப்படி ஒரு "யே" வால் ஒட்டி அச்சேற்றினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இரும்பு ராவுற அரத்துக்கு என்னடி பூவு?" என்று கேட்டாளே தவிர, அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு உன்னைத் "தும்பியே" என்றுதான் கூப்பிட்டாள்.

உன் சந்தேகத்துக்குப் பதில்: மூத்த பெயர் நிற்கும். எது முதலில் அச்சானதோ அது.

அக்கா


ஜனவரி 22

அக்கா,

உங்கள் துறையிலும் மூத்தவர்கள் ராஜ்யம்தானா? விளங்கினாற்போலத்தான்.

உட்கார்ந்துகொண்டு படி. உன் செடி இங்கே இருக்கிறது!

மலையில் இல்லை. மலைச்சரிவில் தேடித் தேடிச் செருப்பு பிய்ந்ததுதான் மிச்சம், ஒன்றுகூட இன்னும் தலைகாட்டவில்லை. நேற்று ஒரு பல் செட்டைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்பக்கம் துணி வெளுக்கும் கட்டடம் ஒன்று இருக்கிறது. அந்தச் சுவரோரம் நடந்தபோது மூக்கைப் பிடிக்க வைக்கிற நாற்றம். எனக்கு உடனே அம்மா அலமாரியை இழுத்துப்போட்டது ஞாபகம் வந்து, நடுவழியில் நின்று சிரித்தேன். அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஒரு வரிசையாக நிற்கின்றன. சுற்றிலும் பனி. பல்லுக்கு நிறம் பார்க்கும் அட்டையைப் பையிலிருந்து எடுத்து மடலின் பக்கத்தில் வைத்தே பார்த்துவிட்டேன். மஞ்சள் கலந்த வெள்ளை, வயதானவர்களின் கடைவாய்ப் பல்லுக்கு நாங்கள் கொடுக்கும் நிறம். ஊதா ஒரு பொட்டுகூட இல்லை. காம்பு என் முழங்கை நீளம். படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன்.

அங்கே குந்தி உட்கார்ந்தபோது கொஞ்ச நேரம் எனக்கு ஊரே மறந்துவிட்டது. பின்னாலிருந்து அம்மா கூப்பிடுவாள் என்று நிஜமாகவே நினைத்தேன்.

உன் பெரியவரிடம் சொல், தங்கச்சி தென்பட்டுவிட்டாள் என்று.

தும்பி


பிப்ரவரி 10

தும்பி, தும்பி, தும்பி,

காப்பகத்தில் சத்தம் போடக் கூடாது என்று சுவரில் எழுதி வைத்திருப்பதே நான்தான். உன் படத்தைப் பார்த்ததும் நானே கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் தேநீரைக் கொட்டிக்கொண்டார்.

இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? மேற்குக் கோடியில் ஒன்று, கிழக்குக் கோடியில் ஒன்று. அப்படியானால் நடுவிலும் எங்கெங்கோ இருக்க வேண்டும், குளிரில் யாரும் தேடப் போகவில்லை, அவ்வளவுதான். கடைசி அத்தியாயத்தை அப்படியே திருப்பி எழுதுகிறேன். புத்தகமே இனி உன் செடியில்தான் முடியும். அடுத்த வருஷம் ஜூனில் அச்சுக்குப் போகிறது. மூட்டைக்காரரிடம் சொன்னேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார். முதல்முதலாக நான் சொன்ன இனம் அது, இந்த வேலை எனக்குக் கிடைத்ததே அதனால்தான். இத்தனை காலம் அதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். இனி யாராவது சிரிக்கட்டும் பார்க்கலாம்.

மார்ச்சில் இன்னொரு தடவை போய் ஒரு செடியை எடுத்துக் காயவைத்து அனுப்பு. கையெழுத்துப் போட்டிருந்தாய். பார்த்தேன்.

அக்கா


அக்டோபர் 5

தும்பி,

மார்ச்சுக்காகக் காத்திருந்தேன், அப்புறம் கோடைக்காக. செடியும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? இல்லை, நான் ஏதாவது எழுதி மறுபடி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனா? இரண்டு வரி போடு.

அக்கா


அக்டோபர் 24

அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது. உன் மேல் கோபமும் இல்லை. கடைசி அத்தியாயத்தை மட்டும் அச்சுக்குக் கொடுக்காதே. பூக்கட்டும், எழுதுகிறேன்.

தும்பி


ஏப்ரல் 26

அக்கா,

இந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று. இன்றைக்குக் கிழிக்கப் போவதில்லை.

போன மார்ச்சில் நீ சொன்னபடி செடியை எடுக்கப் போனேன். கிழங்கோடு வரட்டும் என்று வேரடியில் கையை விட்டேன். மண் வெதுவெதுப்பாக இருந்தது. சுற்றிலும் தரை கல்லாக இறுகிக் கிடக்கிறது, அந்த வரிசையில் மட்டும் பிசைந்த மாவு மாதிரி சூடு. துணி உலர்த்தும் அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். "கீழ வெந்நீர்க் குழாய் போகுதும்மா. வெளுத்த தண்ணியெல்லாம் அதுலதான் வெளிய போகுது. பூனைங்ககூட இங்கதான் வந்து படுக்கும்" என்றார்.

எனக்கு அங்கேயே எல்லாம் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா, அன்றைக்குக் கொல்லைப்புறத்தில் நான் "சூடா இருக்கு" என்று கத்திச் சொன்னது பூவை இல்லை. மண்ணை. நான் கதிரைத் தொடவே இல்லை, நாற்றம் பிடுங்கியது. கை விறைத்துப் போனதால் மண்ணில் வைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ கதிர் சூடாவதைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசினாய், நான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். அப்புறம் எனக்கே நான் பூவைத் தொட்ட மாதிரிதான் ஞாபகம்.

அப்பா தெருவில் எல்லோரிடமும், "நம்ம வீட்டு வாசல் சாக்கடை மட்டும் எப்பவும் காய்ஞ்சே இருக்கும், பாத்தீங்களா" என்று பெருமையடிப்பாரே. அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று நம்மில் ஒருவராவது யோசித்தோமா?

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கோடையில் இலை வாடியதும் சுவரோரத்துக் கிழங்கு ஒன்றையும், மலைக்கிழங்கு ஒன்றையும் எடுத்து வந்து என் பால்கனியில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் வைத்தேன். குளிர்காலம் முழுக்கத் தினமும் காலையில் எழுந்ததும் போய்ப் பார்த்தேன். பூத்துவிடு, இந்தக் குளிரிலேயே பூத்துத் தொலை என்று அதனிடம் கெஞ்சினேன். பூக்கவில்லை. போன வாரம் இரண்டும் ஒன்றாகப் பூத்தன. இரண்டு மடலுக்கும் விளிம்பில் ஊதா. நிறம் பார்க்கும் அட்டையை வைத்தேன், அடையாளம் மாற்றி வைத்தால் எனக்கே தெரியாது. தனி இனம் எதுவும் இல்லை, அக்கா. வெதுவெதுப்பான மண்ணில் நின்ற பழைய செடிதான்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. புத்தகம் வரும், பெரியவர் வாயை மூடிக்கொள்வார், என் பெயர் கொடி கட்டிப் பறக்கும். நீ காப்பகத்தில் கத்தியதை நினைத்தால் சொல்லவே வாய் வரவில்லை. ஆனால் அம்மா விஷயத்தை எனக்குச் சொல்லாமல் விட்டது பாசம் என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். அந்தப் பாசம் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதை உனக்கு நான் செய்ய மாட்டேன்.

தும்பி


மே 20

தும்பி,

உன் கடிதம் வந்தது. மறுநாள் ரயிலேறி நம் பழைய வீட்டுக்குப் போனேன்.

இப்போது அங்கே தையல்காரத் தம்பதி இருக்கிறார்கள். முன்னறை முழுக்கப் பித்தான் டப்பா. நம் சமையலறை ஜன்னலில் அதே பச்சைப் பெயிண்ட். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். "அந்தக் குளியலறைக் குழாய் ரொம்ப காலமா உடைஞ்சு கிடந்திருக்குங்க. நாங்க வந்த புதுசுலயே தோண்டி மாத்தினோம். தண்ணி பூராவும் சுவத்துக்குப் பின்னாடி மண்ணுக்குள்ளதான் போயிருக்கு" என்றார். கொல்லைப்புறத்துக்குப் போனேன். இருக்கிறது, தும்பி. நீ குந்தியிருந்த அதே மூலையில், பருவம் முடிந்து வாடிய மடலோடு. விளிம்பில் ஊதா. பனிக்காலத்தில் பூப்பதை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

அங்கே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். முதலில் எனக்கு அவமானமாக இருந்தது. உலகத்துச் செடியையெல்லாம் வகை பிரிக்கிறவளுக்குச் சொந்த வீட்டுக் குளியல் தண்ணீர் போகும் வழி தெரியவில்லை. எத்தனை காலம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு பல் தேய்த்திருக்கிறேன்! அப்புறம் ஒன்று உறைத்தது. நம் வீட்டில் யார் வெந்நீரில் குளித்தது? அப்பா பச்சைத் தண்ணீர்தான். நானும் அம்மாவும் அப்படித்தான். குளிர் தொடங்கிவிட்டால் அம்மா காலையும் மாலையும் அண்டா நிறையச் சுடவைத்து, உன் மூச்சு இளகும்வரை முதுகில் ஊற்றிக்கொண்டே இருப்பாள். "இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு சொம்பு" என்கிற அவள் குரல் எனக்கு அடுத்த அறையில் படிக்கும்போது கேட்கும். அந்தத் தண்ணீர்தான் அத்தனையும்.

அந்தச் செடியைக் குளிரில் பூக்கவைத்தது உன் குளியல். தனி இனம் என்று நான் சொன்னது தப்பு. அதற்கு உன் பெயரை வைத்தது தப்பே இல்லை.

கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். மூட்டைக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "யாரு கண்டுபிடிச்சா?" என்றார். "தங்கச்சிதான்" என்றேன். எழுந்து நின்று கை கொடுத்தார், உனக்குச் சேர்த்துவிடச் சொல்லி.

பயப்படாதே, அச்சேறிய பெயர் எங்கள் துறையில் அழிவதில்லை. மூத்த பெயருக்குக் கீழே, இணைப்பெயர் என்று சின்ன எழுத்தில் என்றைக்கும் நிற்கும். பக்கத்திலேயே அதை வைத்தவள் என்று என் பெயரும் இருக்கும். அதற்குக் கீழே ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன்: "குழந்தை குளித்த வெந்நீர் ஊறிய மண்ணில் வளர்ந்தது." அறிவியல் புத்தகத்தில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். உண்மை அதுதான் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா சொல்லக் கூடாது என்று சொன்னாள், நான் கேட்டேன், அது சரிதான் என்று இத்தனை நாள் உன்னோடும் என்னோடும் வாதாடினேன். இனி வாதாட முடியவில்லை. உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கட்டிலை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. என் பின்னறையில் விரித்துத்தான் போட்டிருக்கிறேன். வாயேன்.

அக்கா


மே 31

அக்கா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். ஸ்டேஷனுக்கெல்லாம் வர வேண்டாம், வழி தெரியும். பிரயாணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, இறங்கும்போது எப்படியும் மூச்சு இழுக்கும்.

வெந்நீர் போட்டு வை.

தும்பியே